புத்தகங்களுக்கு வெட்டிய பங்கர்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டுக்குப் பிறகு தமிழில் அச்சான எதையும் அவர் தொடமாட்டார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை என்பது அவருடைய முடிவு. எனக்குத் தெரிந்தவரை அந்த முடிவை அவர் வாசித்துப் பார்த்து எடுக்கவில்லை. வாசிக்காமலே தெரிந்துகொள்ளும் வல்லமை அவருக்கு இருந்தது. நானும் அறுபத்தைந்துக்குப் பிறகு பிறந்தவன். என்னையும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

வட்டக்கச்சியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாமா, அவருடைய மனைவி மாமி. அவர்கள் யாருக்கு உண்மையில் மாமா மாமி என்று யாரும் ஆராய்ந்ததில்லை. மகன் ஒருவன் இருந்தான். அவன் கொழும்புக்குப் போய் நெடுங்காலம்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலையில் இருந்தேன். பொருளாதாரத் தடையால் பொலித்தீன் பையோ புதுத் தாளோ வன்னிக்குள் வராத தொண்ணூறுகள் அவை. ஆகவே ஊர்ச்சனம் வீட்டில் கிடந்த பழைய கொப்பிகள், பத்திரிகைகள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கடைக்குக் கொடுப்பார்கள். அவற்றைக் கிழித்துச் சரை சுருட்டி, அதற்குள் பருப்பையும் மிளகாயையும் போட்டு அவர்களுக்கே திருப்பிக் கொடுப்போம். அவர் கடைக்கு வருவது இந்த மூட்டைகளுக்காகத்தான். சனம் நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்கும். இவர் வரிசைக்குப் பக்கத்தால் நேரே உள்ளே வந்து, மூட்டைக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொரு தாளாக எடுத்து மணந்து பார்ப்பார். ஆம், மணந்துதான்.

"தம்பி, இது ஐம்பத்தாறு. பொங்கல் மலர். உமக்கு மணக்கேல்லையோ?"

எனக்கு மண்ணெண்ணெய்தான் மணந்தது. நான் தலையை ஆட்டினேன். யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்க எனக்கு வராது. அதனால் பெரும்பாலான கேள்விகளுக்கு என்னுடைய பதில் அதுதான்.

ஒருநாள் அவர் பிந்திவிட்டார். அவர் வருவதற்குள் நான் அந்தக் காலத்துத் தாள் ஒன்றில் மிளகாய் சுற்றிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போனது அவருடைய பக்கத்து வீட்டு அக்கா. வாயில் எப்போதும் ஒரு பதில் வைத்திருக்கிற அக்கா. இவர் அக்காவை நடுத்தெருவில் மறித்தார்.

"பிள்ளை, நில்லும். அந்தத் தாளைத் தாரும்."

"தாளுக்குள்ளை மிளகாயெல்லோ மாமா கிடக்கு."

"மிளகாயை எங்கையாவது கொட்டும்."

"எங்கை கொட்டுறது? உங்கடை தலையிலையோ?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்தார். அக்கா மிளகாயைச் சால்வையில் கொட்டி, முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். பின்னேரம் சால்வை திரும்பி வந்தது. அடுத்தநாள் வெயிலில் அதனாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கடைவாசலில் நின்று கண்ணீர் வடித்தார். அந்தக் காலத்து எழுத்தை நினைத்து அழுகிறாரென்று வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். மீட்ட தாளில் இருந்தது ஒரு கூந்தல் தைல விளம்பரம். பின்பக்கம் பாதி கிழிந்திருந்தது.

விளம்பரங்களில் அவருக்கு மிகுந்த பற்று. சவர்க்காரம் என்பது கதையில் மட்டும் இருந்த காலம் அது. நாங்களெல்லாம் பனங்களி போட்டு உடுப்புத் தோய்த்து, காய்ந்த பிறகும் மாடு மணந்து பார்க்கும்படி திரிந்தோம். அவருடைய வீட்டில் ஏழெட்டு வகைச் சவர்க்காரம் இருந்தது. எல்லாம் படத்தில். சிரித்துக்கொண்டு குளிக்கிற பெண்களோடு.

"உந்தச் சவர்க்காரத்தை ஒருக்கா உடுப்பிலை உரஞ்சிப் பாக்கட்டே?" என்று மாமி கேட்பார்.

"உமக்கு அருமை தெரியாது."

"ஊத்தை தெரியுதே."

அவரிடம் செய்திக்கும் பஞ்சமில்லை. மற்றவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலியில் எங்கே சண்டை, எங்கே பாதை பூட்டு என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் நடுவில் வந்து, சென்னையில் ஒரு நடிகைக்குக் கல்யாணம் நடந்ததையும் அதற்கு யார் யார் போனார்கள் என்பதையும் சொல்வார். கல்யாணம் நடந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். ஆனால் அவர் சொல்கிற விதத்தில், அவசரமாக வெளிக்கிட்டால் பந்திக்குப் போய்ச் சேரலாம் போலிருக்கும்.

அவரிடமிருந்து புத்தகம் இரவல் வாங்கியவர் எவரும் உயிரோடு இல்லை என்று அக்கா சொல்வார். அப்படியொன்றுமில்லை. இரவல் வாங்கியவர் எவரும் பிறக்கவேயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வாசிக்க அனுமதி உண்டு. கிணற்றடியில் கை கழுவ வேண்டும். துடைத்த கையைக் காட்ட வேண்டும். அவர் காட்டும் கதிரையில் இருந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தை அவர் பிடிப்பார். பக்கத்தை அவர் புரட்டுவார்.

"வாசிச்சு முடிஞ்சா தலையை ஆட்டும். நான் புரட்டுறன்."

ஒருவர் எனக்காகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்ற கூச்சத்தில், பக்கத்தின் நடுப்பகுதிக்கு வரும்போதே நான் தலையை ஆட்டிவிடுவேன். அப்படியாக அந்தக் காலத்துப் பெரிய தொடர்கதைகள் பலவற்றில் மேல்பாதியை மட்டும் படித்திருக்கிறேன். அவற்றில் யாரும் சாகவில்லை, யாரும் சேரவுமில்லை. என் வேகத்தைப் பார்த்து அவருக்கு என்மேல் மதிப்பு வந்தது. மாமிக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. குசினியில் நிற்கிறவரின் கையில் எண்ணெய் இருக்கும் என்பது அவருடைய நிரந்தரச் சந்தேகம். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து தான் ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை என்று மாமி சொல்லியிருக்கிறார்.

கொழும்புக்கு வந்துவிடுங்கள் என்று மகன் எழுதிக்கொண்டேயிருந்தான். மாமிக்குப் போக ஆசை. இவரோ, வன்னியை விட்டு வெளியேற மனிதருக்குத்தான் பாஸ் கொடுப்பார்கள், நாற்பதாம் ஆண்டு முதல் அறுபத்தைந்து வரைக்கும் பாஸ் எடுக்கேலாது என்று பதில் எழுதினார். அவ்வளவோடு அந்தக் கதை முடிந்தது. மகனுக்கு அவர் கடைசியில் எழுதும் வரி, அங்கே பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார் என்பதுதான்.

பிறகு குண்டுபோடும் பொம்மர் விமானங்கள் அடிக்கடி வரத் தொடங்கின. வீட்டுக்கு வீடு பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார்கள். மற்றவர்கள் வெட்டியது குழி. அவர் வெட்டியது பங்கர். வாய்க்காலும் மதகும் கட்டிய அனுபவம் அல்லவா? 'ட' வடிவத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாக வெட்டி, பனங்குற்றி பரப்பி, மேலே மண்மூட்டை அடுக்கினார். மழைத்தண்ணீர் ஒரு துளியும் உள்ளே வராதபடி சுற்றிவரக் கான் வெட்டினார். மாட்டுக்கொட்டிலின் பலகைகளைக் கழற்றி நிலத்துக்குத் தளம் போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் வேலை நடந்தது. ஊரே வந்து பார்த்தது. மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்கு முழங்கால் ஏலாதெண்டு படியும் வெட்டியிருக்கிறார் பாத்தியளோ?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

வேலை முடிந்த அன்று மாமி ஒரு பாயும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பங்கருக்குள் இறங்கப் போனார். அவர் மறித்தார். அறைக்குள்ளிருந்து மூட்டைகளைக் கொண்டுவரத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒன்றாக யூரியாப் பைகளில் போட்டுத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஆண்டைப் பெரிதாக மையால் எழுதியிருந்தார். நாற்பதில் தொடங்கி அறுபத்தைந்து வரையும் உள்ளே போன பிறகு, பங்கருக்குள் ஒரு பூனை போக இடமிருந்தது.

"அப்ப நாங்கள் எங்கை போறது?" என்று மாமி கேட்டார்.

"உங்களுக்குக் கால் இருக்கு. ஓடலாம். இதுகளுக்குக் கால் இருக்கோ?"

மாமி பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போனார். மூன்று நாள் அந்த வீட்டில் சட்டிபானைச் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு பொம்மர் வந்தால், வட்டக்கச்சியிலேயே சிறந்த பங்கர் உள்ள வீட்டிலிருந்து மாமி வாய்க்கால் மதகுக்குள் ஓடுவார். ஒன்றைச் சொல்லவேண்டும். அவரும் பங்கருக்குள் போகமாட்டார். வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்திருப்பார். அந்த அளவில் அவர் நியாயமானவர். ஒருமுறை அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டு, உடுத்த ஈரத்துணியோடு ஓடிவந்து அவருடைய பங்கர் படியில் காலை வைத்துவிட்டார். அவர் படுத்த இடத்திலிருந்தே கத்தினார்.

"பிள்ளை, ஈரம்! ஈரம்!"

"மாமா, மேலை பொம்மர் சுத்துது!"

"அது சுத்திப்போட்டுப் போயிடும். ஈரம் போகாது!"

அக்கா அன்று தலையைப் பங்கருக்குள்ளும் மற்றதை வெளியிலும் வைத்துக்கொண்டு இருந்தார்.

மாரி தொடங்க மாமியின் முழங்கால் மோசமாகிவிட்டது. ஒருமுறை மதகுக்கு ஓடும்போது வாய்க்காலில் விழுந்து, நானும் அக்காவும்தான் தூக்கினோம். சேற்றோடு எழும்பிய மாமி பங்கர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முள்ளியவளையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம் நாற்பத்தொன்பதாம் ஆண்டு மலர் ஒன்று கிடக்கிறதென்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவரிடம் நாற்பத்தொன்பதில் அந்த ஒரு மலர்தான் இல்லை. ஒருநாள் விடியச் சைக்கிளில் போனார்; அடுத்தநாள் பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்தநாள் காலையில் மாமி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மோனை, ஒரு கை குடு. அக்காவையும் கூட்டிக்கொண்டு வா."

பங்கரை வெறுமையாக்க வேண்டும் என்றார். இயலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டைகளைச் சுமந்து முன் அறைக்குள் கொண்டுபோய், மாமி படுக்கிற கட்டிலின் மேலும் அதற்கு முன்னாலும் அடுக்கினோம். நிலத்தில் பலகை போட்டு அடுக்கச் சொன்னார் மாமி. வரிசையும் குழம்பக்கூடாது என்றார். பழைய ஆண்டுகள் வாசல் பக்கம், அறுபத்தைந்து கட்டிலுக்கு மேல் சுவரோரம்.

"இனி என்ன வரிசை மாமி? வந்தவுடனை எப்பிடியும் சண்டைதானே பிடிக்கப்போறார்," என்றார் அக்கா.

"பிடிக்கட்டும். வரிசை பிழைச்சுப்போச்செண்டு பிடிக்க விடமாட்டன்."

வேலை முடிய மத்தியானமாகிவிட்டது. மாமி எங்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். பாதி குடிக்கையில் இரைச்சல் கேட்டது. அன்று மாமி ஓடவில்லை. படிப்படியாக இறங்கிப் போய்த் தன்னுடைய பங்கருக்குள் இருந்தார். நாங்கள் பின்னால் இறங்கினோம். வெடித்தபோது பனங்குற்றிகள் நடுங்கின; மண் கொட்டியது; பலகைத் தளம் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார்.

இரைச்சல் போனபின் ஏறிப் பார்த்தோம். குண்டு வீட்டுக்கு மற்றப் பக்கம் ஆளில்லாத வளவில் விழுந்திருந்தது. முன் அறையின் ஒரு சுவரும் கூரையும் உள்ளே சரிந்து, கட்டிலும் மூட்டைகளும் ஓட்டுக் குவியலுக்குள் கிடந்தன. சில மூட்டைகள் வெடித்துத் தாள்கள் வளவெல்லாம் பறந்தன. வேலியில் ஒரு கூந்தல் தைலப் பெண் சிரித்துக்கொண்டு தொங்கினாள். மாமியின் ரப்பர் செருப்பு ஒன்று முற்றத்தில் தனியாகக் கிடந்தது.

மாமி படியில் நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே இறங்கினார்.

"மாமி, முடிஞ்சுது. வெளியிலை வாங்கோ."

"நான் வரேல்லை. அந்தாள் வரட்டும்."

"ஏன் மாமி?"

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்கு ஒரு விசயம் தெரியவேணும். இண்டைக்குத் தெரிஞ்சுகொள்ளப்போறன். முதல் எதைத் தேடுறார் எண்டு நான் இதிலை நிண்டு பாக்கவேணும்."

அக்கா குனிந்து, மெதுவாகச் சொன்னார். "வீணாய் மனசை நோகடிக்காதேங்கோ மாமி. ஆள் புத்தகத்தைத்தான் தேடும். அது எனக்கே தெரியும்."

"தேடினாத் தேடட்டும். நாளைக்கே பாஸுக்கு எழுதிக்குடுத்துப்போட்டு மகனிட்டைப் போயிடுவன். அவர் தன்ரை மூட்டையளோடை இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மோனை, உனக்கு எப்பவும் கதை வராதுதானே. இண்டைக்கும் வரப்படாது."

அதைவிட எளிதான கட்டளை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அவர் வர இன்னும் நேரமிருந்தது. ஆனால் வழியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளை அவ்வளவு வேகமாக அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. பின் கரியரில் எண்ணெய்ச்சீலையில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. நாற்பத்தொன்பதாம் ஆண்டு மலர் கிடைத்துவிட்டது என்று விளங்கியது. படலைக்குள் வந்ததும் சைக்கிளை அப்படியே விட்டார். அது பொதியோடு வாய்க்கால் பக்கம் சரிந்தது.

வளவெல்லாம் தாள். அவர் நின்றார். காலடியில் ஒரு தாள் கிடந்தது. அதைப் பார்த்தார். குனிந்தார்.

அக்கா என் கையைக் கிள்ளினார். "பாத்தியோ? நான் சொன்னனானெல்லோ."

அவர் அந்தத் தாளை இழுத்து அப்பால் எறிந்தார். தாளுக்குக் கீழே மாமியின் செருப்பு கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"மாமி எங்கை?"

நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கு இயல்பு. அக்காவும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் தரம் அவர் கேட்கவில்லை. பங்கர்ப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குள் ஆள் இருக்க இடமில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? மத்தியானத்தில் மாமி சற்றுப் படுக்கிறது அந்தக் கட்டிலில். அவர் செருப்பைச் சாரத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுக் குவியலுக்குள் ஏறினார்.

"இஞ்சருமப்பா! இஞ்சரும்!"

மாமியைக் கூப்பிட்டபடி ஓடுகளை வாரி எறிந்தார். வழியில் ஒரு மூட்டை நின்றது. அதைத் தூக்கி, பார்க்காமலே தலைக்கு மேலால் எறிந்தார். நாற்பதாம் ஆண்டு வேலியைத் தாண்டிப் போய் அக்காவின் மரவள்ளிக்குள் விழுந்தது. நாற்பத்தொன்று கிணற்றடிச் சேற்றில் விழுந்தது. நாற்பத்திரண்டின் தையல் பிரிந்து, அந்த வருடம் முழுவதும் முற்றத்தில் கொட்டியது. அதன்மேல் மிதித்து நின்றுகொண்டு நாற்பத்து மூன்றை இழுத்தார். இந்த மூட்டைகள் பங்கருக்குள்ளிருந்து அறைக்குள் எப்படி வந்தன என்று யோசிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. ஓடு கிழித்துக் கையில் இரத்தம் வந்தது. அந்தக் கையாலேயே நாற்பத்தாறைப் பிடித்தார். கை கழுவாமல்.

நான் பங்கர்ப் பக்கம் பார்த்தேன். படிக்கு மேலே மாமியின் கண் இரண்டும் தெரிந்தன. காணுமே, இவ்வளவும் போதாதா என்று கையால் காட்டினேன். மாமி ஒற்றை விரலைத் தூக்கி, பொறு என்றார்.

நாற்பத்தேழை அவர் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை. அதற்கு நான் இன்னும் வளரவில்லை என்பார். அது என் காலடியில் வந்து விழுந்து வெடித்தது. தாராளமாக வாசித்திருக்கலாம்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பங்கர் வாசலுக்கு நகர்ந்து, "மாமி, பாவம் மாமி. விளங்கீற்றுதுதானே. வெளியிலை வாங்கோ," என்றார்.

"பொறு பிள்ளை. ஐம்பது வரையும் போகட்டும்."

ஐம்பது போனது. ஐம்பத்தொன்றும் போனது. அவருடைய குரல் அடைத்து, கூப்பிடுவது இருமல் போலக் கேட்டது. கட்டில் கால் ஒன்று தெரிந்ததும் ஐம்பத்திரண்டை ஒரு கையால் தூக்கி, எறிவதற்கு ஓங்கினார்.

"இஞ்சை நிக்கிறன்," என்றார் மாமி. "காணும். மிச்சத்தை வையுங்கோ."

அவர் திரும்பினார். மாமி பங்கர்ப் படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. மாமியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். மற்றக் காலிலும் செருப்பில்லை என்பதைக்கூடப் பார்த்திருப்பார். மூட்டையை மெதுவாக இறக்கி, பக்கத்தில் வைத்துவிட்டு, இடிந்த சுவரில் இருந்தார்.  பிறகு முற்றத்தைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் மரவள்ளியைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாய் உதிலை நிக்கிறீர்?"

மாமி முகத்தில் கிடந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நாற்பதாம் ஆண்டு வேலிக்கு மேலாலை போகேக்கையிருந்து."